குடை பிடித்த மல்லர்: பிள்ளை உறங்காவில்லி தாஸர் வைபவம்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் ஆசார்யனை அடைந்தவர்களின் சரித்திரங்கள் எண்ணிறந்தன. வேதாந்தத்தில் கரை கண்டு வந்தவர்கள் உண்டு. பெருஞ்செல்வத்தைத் துறந்து வந்தவர்கள் உண்டு. வாதப்போரில் தோற்று, தோல்வியையே பேறாகக் கொண்டு வந்தவர்களும் உண்டு. இவர்களிடையே, மனைவிக்குக் குடை பிடித்து நடந்ததையே காரணமாகக் கொண்டு ஆசார்ய ஸம்பந்தம் பெற்றவர் ஒருவர் உண்டு. அவரே பிள்ளை உறங்காவில்லி தாஸர். ஊரார் கண்டு நகைத்த ஒரு காதல், எம்பெருமானாரின் கடாக்ஷத்தினால் பக்தியாகக் கனிந்த வரலாறே அவருடைய வரலாறாகும்.

உறையூர்த் தம்பதிகள்

காவிரியின் தென்கரையில் அமைந்த உறையூர், சோழர்களின் பழைய தலைநகர். நிசுளாபுரி என்றும் திருக்கோழி என்றும் திருநாமங்கள் பெற்ற திவ்யதேசம். தாமரை மலரில் குழந்தையாகக் கிடைத்துச் சோழன் மகளாக வளர்ந்த கமலவல்லி நாச்சியார், அரங்கனையே மணாளனாக வரித்த தலம் இது. அரங்கனின் திருமேனி அழகைத் திருவடி தொடங்கித் திருக்கண்கள் வரை படிப்படியாக அனுபவித்துப் பத்தே பாசுரங்களில் பாடிய திருப்பாணாழ்வார் அவதரித்ததும் இவ்வூரிலேதான். அழகுக்கு ஆட்படுவது இவ்வூர் மண்ணின் இயல்பு போலும்.

இத்தகைய உறையூரில், ஸ்ரீராமாநுஜர் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில் வாழ்ந்தவர் உறங்காவில்லி. ஸ்ரீராமாநுஜர் 1017 முதல் 1137 வரை இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்தவர் என்பது பெரியோர் கொண்ட கணக்கு. ஆகவே உறங்காவில்லியின் காலம் ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அவருடைய திருநக்ஷத்திரம் மாசி மாதத்து ஆயில்யம். வடமொழியில் அவரைத் தனுர்தாஸர் என்று வழங்குவர்.

தொழிலால் அவர் மல்லர். அரசனுடைய சேவகத்தில் இருந்த வீரர். களத்தில் இறங்கி எதிரியை மண்ணில் சாய்ப்பவர். அவருடைய தோள் வலிமையை எண்ணியே ஊரார் அவரிடம் அஞ்சி ஒதுங்குவர். நூல் கற்றவர் என்றோ, நாவன்மை உடையவர் என்றோ அவருக்குப் பெயரில்லை. அவருக்கு வாய்த்த மனைவியோ பொன்னாச்சி. பெயருக்கேற்ற பொன் போன்ற மேனியும், பார்த்தவர் மறக்கவியலாத கண்களும் உடையவள். வடமொழியில் ஹேமாம்பா என்று அவளைக் குறிப்பர்.

களத்துப் புழுதியில் புரளும் மல்லரையும் மென்மையே வடிவான இம்மங்கையையும் ஒருசேரக் கண்டவர்கள், இது என்ன பொருத்தம் என்று வியந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் தம்பதிகளிடையே பொருத்தமின்மை சிறிதும் இல்லை. ஊரை அஞ்ச வைத்த அவ்வீரர், வீட்டில் அவ்விரு கண்களுக்கு அடிமையாக இருந்தார். அதை மறைத்து வைக்கவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு எழவில்லை. அங்கேதான் ஊராரின் நகைப்புக்கு இடம் உண்டாயிற்று.

ஆற்றங்கரையில் கண்ட காட்சி

திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு உத்ஸவம் நடந்துகொண்டிருந்தது. பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். உறையூரிலிருந்து காவிரியைக் கடந்து வந்த கூட்டத்தில் உறங்காவில்லியும் பொன்னாச்சியும் இருந்தனர். கடும் வெயில், காலை ஊன்ற முடியாதபடி சுடும் மணல்.

அந்த வெயிலில் உறங்காவில்லி செய்த செயல் யாவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மனைவியின் முகத்தில் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு, அவளை நோக்கியபடியே பின்புறமாக அடி வைத்து நடந்தார். வழியில் மேடு எது, பள்ளம் எது என்று அவர் பார்க்கவில்லை. எதிரே வருபவர் யார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அவளுடைய பாதம் சுடாதபடி மணலில் துணியை விரித்துக்கொண்டே சென்றார் என்று சொல்வாரும் உண்டு. அரங்கனைச் சேவிக்க வந்த கூட்டத்தின் நடுவே, அரங்கனுக்கு முதுகைக் காட்டியும் மனைவிக்கு முகத்தைக் காட்டியும் ஒரு மாவீரர் நடந்து வந்த காட்சி வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். சிலர் வாய்விட்டு நகைத்தனர். சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் அவருடைய தோள்களைக் கண்டு, நேரில் எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வேளையில் எம்பெருமானார் தம் சிஷ்யர்கள் சூழக் காவிரிக் கரையில் எழுந்தருளினார். இக்காட்சி அவருடைய திருக்கண்களில் பட்டது. சிஷ்யர்கள் வெட்கமுற்றுத் தலையைத் திருப்பிக்கொண்டனர். எம்பெருமானாரோ நகைக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அம்மல்லரை உற்று நோக்கினார்.

ஆதிசேஷன் எம்பெருமான் நடக்கும்போது குடையாகிறான் என்று பொய்கையாழ்வார் பாடியருளினார். அந்த ஆதிசேஷனின் அவதாரமே ஸ்ரீராமாநுஜர் என்பது பெரியோர் துணிபு. ஆகவே குடை பிடிப்பவனின் உள்ளம் இன்னது என்று அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரார் கண்டது குடையையும் பெண்ணையும். எம்பெருமானார் கண்டது, தன்னை அடியோடு மறந்து பிறிதொன்றில் ஈடுபட்டிருக்கும் ஓர் உள்ளத்தை. இவ்வளவு ஆழ்ந்து ஈடுபட வல்ல நெஞ்சு எளிதில் கிடைப்பதன்று. அது நிற்கும் இடம் மாத்திரம் மாற வேண்டும் என்று அவர் திருவுள்ளம் பற்றினார்.

கேள்வியும் உடன்படிக்கையும்

ஒரு சிஷ்யரை அனுப்பி அவரை அழைத்துவரச் சொன்னார் எம்பெருமானார். மல்லர் அருகில் வந்து வணங்கி நின்றார். பலர் காண இப்படி நாணமின்றி ஒரு பெண்ணுக்கு ஊழியம் செய்வதற்குக் காரணம் யாதென்று எம்பெருமானார் வினவினார். உறங்காவில்லி ஒளிக்காமல் விடை கூறினார். தம் மனைவியின் கண்களைப் போன்ற அழகிய கண்களை உலகில் வேறெங்கும் தாம் கண்டதில்லை என்றும், அவை வாடக் காணத் தமக்குப் பொறுக்காது என்றும், நாணம் என்பது அவ்விடத்தில் நினைவுக்கே வரவில்லை என்றும் தெரிவித்தார்.

அவ்விடையில் கள்ளம் இல்லை. மனைவி மீதுள்ள ஆசையை மறைத்து, வேறொரு காரணத்தைப் புனைந்து கூறியிருக்கலாம். அப்படிக் கூறியிருந்தால் அவ்வுரையாடல் அங்கேயே முடிந்திருக்கும். உள்ளதை உள்ளபடி உரைத்ததே அவருக்கு உய்வுக்கு வழியாயிற்று.

அக்கண்களைக் காட்டிலும் அழகான கண்களைக் காட்டினால் அவற்றுக்கு ஆட்படுவாரோ என்று எம்பெருமானார் மீண்டும் கேட்டருளினார். அப்படிப்பட்ட கண்கள் இருக்குமானால் அவற்றுக்கே அடிமையாவேன் என்று மல்லர் உடன்பட்டார். களத்தில் பந்தயம் வைத்துப் பழகியவர் அவர். இதையும் ஒரு பந்தயமாகவே எண்ணினார் போலும். தோற்கப்போவது தாம் என்பதையும், அத்தோல்வியைவிடப் பெரிய வெற்றி தம் வாழ்வில் இல்லை என்பதையும் அவர் அப்போது அறியார்.

அரங்கன் கண் காட்டியது

எம்பெருமானார் அவரைக் கையைப் பற்றி அழைத்துக்கொண்டு பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு எழுந்தருளினார். திருவனந்தாழ்வான் மேல் பள்ளிகொண்ட பெருமான் முன் நின்று, திருப்பாணாழ்வாருக்குக் காட்டியருளிய அத்திருக்கண்களின் அழகை இவருக்கும் காட்டியருள வேண்டும் என்று விண்ணப்பம் செய்தார்.

திருப்பாணாழ்வார் தம் எட்டாம் பாசுரத்தில் பாடியவை அத்திருக்கண்களே. கருமையும் விசாலமும் செவ்வரியும் நீண்ட அமைப்பும் கொண்ட அக்கண்கள் தம்மை நிலைகுலையச் செய்துவிட்டன என்ற கருத்தில் ஆழ்வார் பாடினார். பாணர் குலத்தில் வளர்ந்த ஆழ்வாருக்கு அன்று கிட்டிய காட்சி, அதே உறையூரைச் சேர்ந்த மல்லருக்கும் கிட்டியது. பெருமாள் தம் திருக்கண்களைக் காட்டியருளினார்.

உறங்காவில்லி அசைவற்று நின்றார். அவருடைய கண்களிலிருந்து நீர் பெருகியது. இத்தனை நாள் தாம் பெரிதென்று எண்ணியிருந்த அழகு, இப்பேரழகின் கடலிலிருந்து தெறித்த ஒரு துளியே என்று உணர்ந்தார். எம்பெருமானார் திருவடிகளில் விழுந்து, தம்மை அடியவனாக ஏற்றருள வேண்டினார். இளைய பெருமாளாகிய இலக்குவன் வனவாசம் பதினான்கு ஆண்டுகளும் உறங்காமல், வில்லேந்திக் காவல் நின்றவன். இவருடைய திருநாமமும் அவனை நினைவூட்டுவது. இவருடைய பிற்கால வாழ்வும் அத்திருநாமத்துக்கு முற்றும் பொருந்தியதாகவே அமைந்தது.

பிரிக்காத பெருங்கருணை

இவ்விடத்தில் சேவார்த்திகள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பேரழகைக் கண்ட பின் மனைவியைத் துறந்துவிடும்படி எம்பெருமானார் உறங்காவில்லிக்கு நியமிக்கவில்லை. கணவனைத் தேடி வந்த பொன்னாச்சியையும் அவர் அருளோடு ஏற்றார். அவளும் எம்பெருமானார் திருவடிகளை ஆச்ரயித்தாள். தம்பதிகள் இருவரும் உறையூரை விட்டுத் திருவரங்கத்திலேயே குடியேறி, பெருமாளுக்கும் ஆசார்யனுக்கும் கைங்கர்யம் செய்து வாழ்ந்தனர்.

இதன் அருமை, எம்பெருமானாரின் பூர்வாச்ரமத்தை எண்ணிப் பார்த்தால் விளங்கும். காஞ்சியில் இல்லறத்தில் இருந்த நாளில் அவருக்கு வாய்த்த மனைவி தஞ்சமாம்பாள். குலமும் குடியும் ஒத்த தம்பதிகள் என்று உலகம் மதிக்கத்தக்கவர்கள் அவர்கள். ஆனால் திருக்கச்சி நம்பிகள் அமுது செய்த இடத்தை அவ்வம்மையார் தீட்டாக எண்ணிச் சுத்தி செய்தார். ஆசார்யரான பெரிய நம்பிகளின் தேவியோடு கிணற்றடியில் நீர் முகக்கையில் பூசலிட்டார். பெரிய நம்பிகள் சொல்லாமலே காஞ்சியை விட்டுப் புறப்படும்படி ஆயிற்று. அதன் பின்னரே ஸ்ரீராமாநுஜர் மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, பேரருளாளன் ஸந்நிதியில் ஸந்யாஸாச்ரமத்தை மேற்கொண்டார்.

எல்லாப் பொருத்தமும் அமைந்த இல்லறத்தைத் துறந்த அந்த மஹான், பொருத்தமில்லை என்று ஊரார் நகைத்த இல்லறத்தைத் தம் கையால் வளர்த்தருளினார். குலப் பொருத்தமோ உருவப் பொருத்தமோ அவருக்குப் பெரிதன்று; பாகவதர்களிடத்தில் பணிவு இருவருக்கும் ஒத்திருக்கிறதா என்பதே பெரிது. உறங்காவில்லி பொன்னாச்சி இருவரிடத்தும் அவ்வொருமைப்பாடு இருந்தது.

குடை போய் வாள் வந்தது

பொன்னாச்சிக்குக் குடை பிடித்த கை, அதன் பின் நம்பெருமாளுக்கு முன் வாளேந்தியது. புறப்பாட்டின்போது உறங்காவில்லி தாஸர் உருவிய வாளோடு பெருமாளுக்கு முன்னே நடப்பார். முன்பு மனைவியைப் பார்த்தபடி பின்புறமாக நடந்தவருக்கு, பெருமாளைப் பார்த்தபடி நடப்பதில் தனிப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. எழுந்தருளப் பண்ணுகிறவர்கள் தடுமாறிப் பெருமாளின் திருமேனிக்குச் சிறு அலைச்சல் நேர்ந்தாலும், அவ்வாளால் தம் உயிரை மாய்த்துக்கொள்வதென்று உறுதி பூண்டிருந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் அவ்வாறு நேரவில்லை.

ஸர்வலோகத்தையும் காக்கும் பெருமாளுக்கு ஒரு மல்லரின் வாள் காவலாக வேண்டுமோ என்று கேட்கலாம். வேண்டாம்தான். ஆனால் அன்புடையவன் எண்ணிப் பார்த்து அஞ்சுவதில்லை. மனைவியின் முகத்தில் வெயில் படுமோ என்று அஞ்சிய அதே நெஞ்சுதான் பெருமாளுக்கு அசைவு நேருமோ என்று அஞ்சியது. இதனை அறிந்த பூர்வர்கள் அவரை மஹாமதி என்று புகழ்ந்தனர். உலகம் பேதைமை என்று நகைத்ததைப் பெரியோர் பேரறிவு என்று கொண்டாடினர்.

நீராடி வந்த கை

எம்பெருமானார் முதுமையில் காவிரிக்கு நீராட எழுந்தருளும்போது முதலியாண்டான் போன்ற அந்தண சிஷ்யரின் கையைப் பற்றிக்கொண்டு செல்வார். நீராடித் திரும்பும்போது உறங்காவில்லி தாஸரின் கையைப் பற்றிக்கொண்டு மடத்துக்கு எழுந்தருளுவார். இது நாள்தோறும் நடந்தது. சில சிஷ்யர்களுக்கு இது மனத்தில் உறுத்தலாயிற்று. நீராடுமுன் பற்ற வேண்டிய கையை நீராடிய பின் பற்றுகிறாரே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டனர்.

அவர்கள் ஐயத்தை எம்பெருமானார் தீர்த்து வைத்தார். கல்வியால் வரும் செருக்கு, செல்வத்தால் வரும் செருக்கு, குலத்தால் வரும் செருக்கு என்று மூன்று உண்டு. செல்வம் பெற்றிருந்தும் இவரிடத்தில் அச்செருக்கின் நிழலும் இல்லை. காவிரியில் நீராடியும் போகாத மாசு இவர் கை பட்டால் போகும் என்ற கருத்தில் விளக்கியருளினார். ஆனால் சொல்லால் மட்டும் தெளிபவர்கள் சிலரே. மற்றவர்களுக்குச் செயலால் காட்ட வேண்டும் என்று அவர் திருவுள்ளம் கொண்டார்.

கிழிந்த துணியும் கழன்ற நகையும்

ஒரு நாள் இரவு மடத்தில் சிஷ்யர்கள் உலர்த்தியிருந்த வஸ்திரங்களில் சிறிது சிறிதாகக் கிழித்து வைக்கும்படி எம்பெருமானார் ஒருவருக்கு இரகசியமாக நியமித்தார். பொழுது புலர்ந்தது. கிழிந்த துணிகளைக் கண்டவர்கள் ஒருவரையொருவர் ஐயுற்றனர். வேதாந்தம் கற்ற நாவுகளிலிருந்து வசைமொழிகள் புறப்பட்டன. எம்பெருமானார் நடுவில் வந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. காரணம் ஒரு முழம் கந்தைத் துணி.

பின்னொரு நாள் இரவு உறங்காவில்லி தாஸரைத் தம்மிடம் நெடுநேரம் இருத்தி வைத்துக்கொண்டார். அதே சமயத்தில் சில சிஷ்யர்களைத் தாஸரின் இல்லத்துக்கு அனுப்பி, உறங்கிக்கொண்டிருக்கும் பொன்னாச்சியின் ஆபரணங்களைக் கழற்றிவரச் சொன்னார். அவர்களும் அஞ்சி அஞ்சிச் சென்றனர். கதவு தாழிடப்படவில்லை. பொன்னாச்சி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மேற்புறத்து நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினர்.

பொன்னாச்சி உண்மையில் உறங்கவில்லை. வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள் என்பதை அறிந்துகொண்டாள். வறுமை வருத்தியிராவிட்டால் இவர்கள் இச்செயலுக்குத் துணிவார்களா என்று இரங்கினாள். கண் விழித்தால் அவர்கள் நாணுவார்களே என்று மூடிய கண்ணைத் திறவாமல் கிடந்தாள். ஒரு பக்கத்து நகைகள் கழன்றபின், மறுபக்கத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று உறக்கத்தில் புரள்வது போலத் திரும்பிப் படுத்தாள். வந்தவர்களோ அவள் விழித்துவிட்டாள் என்று அஞ்சி, கையில் கிடைத்தவற்றோடு ஓடிவிட்டனர்.

அவர்கள் மடத்தை அடைந்தபின் எம்பெருமானார் தாஸருக்கு விடை கொடுத்தார். வீட்டில் நடப்பதை மறைந்திருந்து கேட்டு வரும்படி அச்சிஷ்யர்களையே அவர் பின்னே அனுப்பினார். தாஸர் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவியின் ஒரு காதில் நகை இருந்தது. மறு காதில் இல்லை. ஒரு கையில் வளை இருந்தது; மறு கை வெறுமையாக இருந்தது. காரணம் வினவினார். பொன்னாச்சி நடந்ததை நடந்தபடி கூறினாள்.

வெளியே நின்றவர்கள், பொருள் போனதற்குத் தாஸர் சினம் கொள்வார் என்று எதிர்பார்த்தனர். அவர் வருந்தியது உண்மை. ஆனால் போன நகைகளுக்காக அன்று. எஞ்சிய நகைகளுக்காக வருந்தினார். புரண்டு படுத்ததனால்தானே அவர்கள் அஞ்சி ஓடினர்? இந்த நகை என்னுடையது, இதை நான் கொடுக்கிறேன் என்ற எண்ணம் உள்ளே இருந்ததனால்தானே புரள நேர்ந்தது? உடலும் உடைமையும் எம்பெருமானுடையவை என்ற நினைவோடு அசையாமல் கிடந்திருந்தால், வேண்டியதை அவர்களே எடுத்துக்கொண்டிருப்பார்களே என்று அவளுக்கு உணர்த்தினார். பொன்னாச்சி தன் பிழையை உணர்ந்து, அவ்வெண்ணம் ஒழிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவளுடைய பிழை எத்தகையது என்பதையும் கருத வேண்டும். களவு செய்ய வந்தவர்களுக்கு மீதியையும் ஈயத் துணிந்தவள் அவள். அக்கொடையிலும் ஒளிந்திருந்த நான் என்னும் எண்ணத்தை அவளுடைய கணவரே சுட்டிக்காட்டினார். ஒரு காலத்தில் அவளுடைய அழகில் குறை என்று ஒன்றை அவர் கண்டறியார். இப்போது அவளுடைய ஆத்மாவில் தூசியளவு மாசும் தங்கலாகாது என்று கவலை கொண்டார். காதல் குறையவில்லை; அது ஆழ்ந்து சென்றது.

மறைந்து நின்றவர்கள் தலை குனிந்து மடம் திரும்பினர். ஒரு முழத் துணிக்காகத் தாங்கள் இட்ட சண்டையையும் இத்தம்பதிகளின் உரையாடலையும் எம்பெருமானார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குலம் எது, பெருமை எது என்று அவர் மேலும் விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை. நகைகள் தம்பதிகளிடம் திருப்பித் தரப்பட்டன. நீராடிய கை பற்றியது ஏன் என்ற கேள்வி அதன் பின் எழவில்லை.

விபீஷணன் பற்றிய ஐயம்

எம்பெருமானார் ஒரு சமயம் விபீஷண சரணாகதியை உபந்யஸித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த தாஸர் கலக்கத்தோடு எழுந்து நின்றார். மனைவி மக்களையும் இலங்கைச் செல்வத்தையும் விட்டு வந்த விபீஷணனையே ஏற்கலாமா கூடாதா என்று பெருமாள் முன்னிலையில் ஆராய்ந்தனர். வீடும் மனைவியும் உடைமையும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் தமக்கு மோக்ஷம் கிட்டுமோ என்று விண்ணப்பம் செய்தார்.

இல்லறத்தில் இருந்துகொண்டே இறைவனை நாடும் எவருக்கும் எழக்கூடிய ஐயம் இது. எம்பெருமானார் அருளிய விடையின் கருத்து இதுவாகும். தமக்குப் பேறு கிட்டுமானால் தாஸருக்கும் கிட்டும். பெரிய நம்பிகளுக்குக் கிட்டுமானால் தமக்குக் கிட்டும். ஆளவந்தாருக்குக் கிட்டுமானால் பெரிய நம்பிகளுக்குக் கிட்டும். இவ்வாறே குருபரம்பரை மேலே மேலே சென்று நம்மாழ்வாரையும் பெரிய பிராட்டியாரையும் எட்டும். பிராட்டியின் சொல்லைப் பெருமாள் மறுப்பதில்லை. விபீஷணனோடு வந்த நால்வரும் தனித்தனியே சரணாகதி செய்யவில்லை. அவனோடு உண்டான ஸம்பந்தமே அவர்களையும் கரையேற்றியது என்று எடுத்துக்காட்டித் தாஸரைத் தேற்றினார். மனைவியைத் துறக்க வேண்டும் என்று அப்போதும் சொல்லவில்லை.

தெருக்கோடி வரை

காலம் கனிந்தது. தமக்கு இறுதி நெருங்கியதை உணர்ந்த தாஸர், ஸ்ரீவைஷ்ணவர்களைத் தம் இல்லத்துக்கு எழுந்தருளச் செய்து ததீயாராதனம் நடத்தினார். அவர்களுடைய ஸ்ரீபாத தீர்த்தத்தை ஏற்றுக்கொண்டார். பொன்னாச்சியை அழைத்துத் தாம் பரமபதத்துக்குப் புறப்படுவதைத் தெரிவித்து, எம்பெருமானார் திருவடி நிழலிலே வாழ்ந்து வரும்படி சொன்னார். எம்பெருமானாரின் பாதுகைகளைத் தம் தலைமேல் தாங்கியபடியே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

பொன்னாச்சியார் அழவில்லை. பரமபதம் அடைந்தவருக்காக அழலாகாது என்பதை அவர் அறிந்தவர். கூடிய ஸ்ரீவைஷ்ணவர்களை உபசரித்து, செய்ய வேண்டியவற்றையெல்லாம் தளராமல் செய்தார். திருமேனியை எடுத்துச் சென்றனர். வீட்டு வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவருடைய கண்களைப் பார்த்தபடியே நடந்தவர், இன்று அக்கண்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தெருவில் சென்றார். திருமேனி தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. அக்கணமே பொன்னாச்சியார் வாய்விட்டுக் கதறினார். அங்கேயே உயிர் நீத்தார்.

அறிந்தவர் அழலாமோ என்று சாஸ்திரம் கேட்கலாம். பார்வையிலிருந்து மறைந்த பின்னும் தரிக்க முடியாமை அன்பின் இயல்பு. எம்பெருமானைப் பிரிந்து தரியாத நிலையை நம் ஆழ்வார்கள் நாயகி பாவத்தில் பாடிய பாசுரங்கள் பல. அப்பாசுரங்களின் பொருளைப் பொன்னாச்சியார் தெருவாயிலில் நின்று வாழ்ந்து காட்டினார்.

சேவார்த்திகளுக்கு

உறங்காவில்லி தாஸர் நூல் எழுதியவர் அல்லர். வாதத்தில் வென்றவரும் அல்லர். ஆயினும் திருவாய்மொழி வியாக்யானங்களில் பூர்வாசார்யர்கள் அவரை அன்போடு நினைவு கூர்ந்துள்ளனர். குருபரம்பரை நூல்கள் அவர் வைபவத்தை விரித்துரைக்கின்றன. வியாக்யானம் படிக்காத தாய்மார்களும் குடை பிடித்த மல்லரின் கதையை அறிந்திருக்கின்றனர்.

இக்கதையைக் கேட்டு, மனைவியின் அழகு அற்பம், பெருமாளின் அழகே மேல் என்று மட்டும் பொருள் கொண்டால் பாதியைத்தான் அறிந்ததாகும். அன்பு செலுத்தத் தெரிந்த நெஞ்சையே எம்பெருமானார் தேடி எடுத்தார். அன்பே அறியாத நெஞ்சில் பக்தியை விதைக்க முடியாது. மனைவிக்கு வெயில் படக்கூடாது என்று எண்ணத் தெரிந்தவனுக்கே பெருமாளுக்கு அலைச்சல் நேரக்கூடாது என்று எண்ணத் தெரியும். வீட்டில் கடுமையும் ஸந்நிதியில் கண்ணீருமாக இருப்பவர்கள் தாஸரின் சரித்திரத்தை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

உத்ஸவ காலத்தில் நெடுநேரம் காத்திருந்து ஸந்நிதியை அடைகிறோம். தீபம் காட்டப்படும் நேரம் சிறிது. பின்னே வருபவர்களின் நெருக்கமும் உண்டு. அச்சிறு பொழுதில் மற்றவற்றைப் பார்க்காமல், தாஸரை ஆட்கொண்ட அத்திருக்கண்களை ஒருமுறை ஊன்றிச் சேவிக்க வேண்டும். பிறகு வெளியே வந்து, வெயிலில் உடன் நடந்து வரும் துணைவிக்கோ துணைவனுக்கோ குடையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அதுவும் உறங்காவில்லி தாஸரின் வழியைப் பின்பற்றியதேயாகும்.

பிள்ளை உறங்காவில்லி தாஸர் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.